மெனோமினி: சலித்த மாவிலிருந்து சொல்லைத் தேடுவது எப்படி?

புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் மாவு சலித்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். அடியில் விழுந்த மாவைத் தொட்டாலே எந்தச் சல்லடையில் சலித்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் இரண்டு சல்லடை உண்டு. ஒன்று ரவைக்கு, மற்றது இடியாப்ப மாவுக்கு. ஒரே அரிசியை இடித்து இரண்டிலும் போட்டால் இரண்டு விதமான மாவு விழும். அம்மா ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். "இது பெரிய கண்ணுல சலிச்சது, இடியாப்பத்துக்கு ஆகாது" என்பார். மாவை வைத்துச் சல்லடையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடி போதும்.

எழுத்து வழக்கம் இல்லாத ஒரு மொழியை வெளியூர்க்காரர் ஒருவர் காதால் கேட்டு முதன்முதலாகத் தாளில் இறக்கும்போதும் நடுவில் ஒரு சல்லடை இருக்கிறது. அது அவருடைய தாய்மொழி. அதில் எந்தெந்த ஒலிகள் உண்டோ, அவற்றுக்குத்தான் அவர் காதில் கண் உண்டு. மற்ற ஒலிகள் மேலேயே தங்கிவிடும். இல்லாவிட்டால் பக்கத்துக் கண்ணில் நுழைந்து வேறொன்றாக விழும். நூறு, இருநூறு வருடம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் படிப்பவர், என் அம்மாவைப் போல மாவைத் தேய்த்துப் பார்த்துச் சல்லடையைக் கண்டுபிடிக்க வேண்டும். சல்லடை தெரிந்துவிட்டால், இடிபட்ட அரிசி எப்படி இருந்தது என்று ஓரளவு திரும்பச் சொல்லலாம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கு மேற்கே வாழும் மெனோமினி மக்களின் மொழியை எடுத்துக்கொண்டு இந்த வேலையைப் பார்ப்போம். அல்கோங்கியன் குடும்பத்து மொழி அது. ஒஜிப்வே, கிரீ, ஃபாக்ஸ் எல்லாம் அதன் உடன்பிறப்புகள்.

முதலில் தாளேறியது ஒரு தானியம்

மெனோமினி என்பது அந்த மக்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயரல்ல. பக்கத்தில் வாழ்ந்த ஒஜிப்வேக்காரர்கள் வைத்த பெயர். ஏரிகளிலும் ஆழமில்லாத ஆறுகளிலும் விதைக்காமலே விளையும் ஒரு தானியத்துக்கு ஒஜிப்வேயில் மனோமின் என்று பெயர். நம் குளநெல்லை நினைத்துக்கொள்ளலாம். அதைச் சேகரித்து உண்பவர்கள் என்பதால் இவர்கள் மெனோமினி ஆனார்கள். பிரெஞ்சுக்காரர்களும் 'காட்டு ஓட்ஸ்காரர்கள்' என்று தங்கள் மொழியில் அதையே மொழிபெயர்த்து அழைத்தார்கள்.

இந்தப் பெயரின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1640ஆம் ஆண்டின் இயேசு சபை அறிக்கையில் இருக்கிறது. போல் லெ ஜூன் என்ற பாதிரியார் கனடாவிலிருந்து பாரிசுக்கு எழுதியனுப்பிய அந்த அறிக்கையில் பல குலங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அதில் இவர்கள் 'மரூமின்'. அந்தப் பெயரைத் தேய்த்துப் பார்ப்போம். நடுவில் உள்ள 'ரூ'வின் உயிரை அவர் ஓ, யூ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதியிருக்கிறார். ஆங்கிலம் படித்த கண்ணுக்கு அது 'அவு'. பிரெஞ்சுக் கண்ணுக்கு 'ஊ'. ஆகவே இது பிரெஞ்சுச் சல்லடை. அடுத்து, 'ன' நிற்க வேண்டிய இடத்தில் 'ர' நிற்கிறது. இந்தக் குடும்பத்து மொழிகளில் ஒரு பழைய ஒலி சிலவற்றில் ன-வாகவும் சிலவற்றில் ர-வாகவும் ல-வாகவும் பிரிந்து போயிருக்கிறது. ஆகவே அந்த ர-வைக் கண்டதும் எழுத்துப்பிழை என்று அடித்துவிடக் கூடாது. இந்தப் பெயர் யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போய், எத்தனை கை மாறித் தாளுக்கு வந்தது என்று கேட்க வேண்டும். மெனோமினி வாயிலிருந்து நேராக வந்த பதிவு அல்ல இது என்பது மட்டும் உறுதி. அந்த மக்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பெயர் 'ஒமே'நொமெனேவ்' என்று தொடங்கும்.

1673இல் ஜாக் மார்க்கெட் என்ற பாதிரியார் மிசிசிப்பி ஆற்றைத் தேடிப் போகும் வழியில் இவர்களிடம் தங்கினார். அந்தத் தானியத்தைச் சமைக்கும் விதத்தை அவர் எழுதி வைத்திருப்பதை நம் பாட்டிமார் படித்தால் தலையாட்டுவார்கள். செப்டம்பரில் படகில் போய்க் கதிரைத் தட்டுவார்கள், மணி படகுக்குள் உதிரும். மரச் சட்டத்தின் மேல் பரப்பி, அடியில் மெல்லிய தீ வைத்துச் சில நாள் உலர்த்துவார்கள். பிறகு தோல் பையில் கட்டி, தரையில் தோண்டிய குழியில் வைத்து மிதித்து உமி நீக்குவார்கள். புடைத்தெடுத்து, மாவாக இடித்தோ அப்படியே வேகவைத்தோ, கொழுப்புச் சேர்த்து உண்பார்கள். சமையலுக்குக் கிடைத்த இந்த நுணுக்கம் மொழிக்குக் கிடைக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

கண் இல்லாத இடங்கள்

1830இல் நியூயார்க்கில் ஒரு நூல் வெளிவந்தது. சிறுவயதிலேயே கடத்தப்பட்டு ஒஜிப்வே, ஒட்டாவா மக்களிடையே முப்பது ஆண்டு வளர்ந்த ஜான் டேனர் தன் கதையைச் சொல்ல, எட்வின் ஜேம்ஸ் என்ற ராணுவ மருத்துவர் எழுதிய நூல் அது. கதை முடிந்த பிறகு பின்பகுதியில் பல பழங்குடி மொழிகளின் சொற்களையும் எண்ணுப் பெயர்களையும் ஜேம்ஸ் சேர்த்தார். மெனோமினியும் அதில் இருக்கிறது. 1836இல் ஆல்பர்ட் கேலட்டின் வெளியிட்ட பெரிய ஒப்பீட்டு நூலில் மெனோமினிக்கு ஒரு பத்தி கிடைத்தது. 1850களில் ஸ்கூல்கிராஃப்ட் தொகுத்த நூல் வரிசையில் இன்னொரு பட்டியல். இவை எல்லாம் ஆங்கிலச் சல்லடைகள். அவற்றில் மூன்று இடங்களில் கண் இல்லை.

முதலாவது, நம் 'ப' விவகாரம். மெனோமினியில் ப, த, க ஆகியவற்றுக்கு ஒரே உருதான். 'படம்' என்பதில் வரும் ப-வும் 'கம்பம்' என்பதில் வரும் ப-வும் அவர்களுக்கு, நம்மைப் போலவே, ஒரு எழுத்து. ஆங்கிலக்காரருக்கு இரண்டு. அதனால் அவர் ஒரே சொல்லை இன்று ஒரு எழுத்தாலும் நாளை இன்னொரு எழுத்தாலும் எழுதிவிடுவார். படிப்பவர் இரண்டு சொல் என்று மயங்குவார். இந்தப் பத்தியை எழுதும்போது நானே அதை உணர்கிறேன்: அந்த இரண்டு ஆங்கில எழுத்தையும் வேறுபடுத்திக் காட்டத் தமிழில் எனக்கு வழியில்லை. இந்த மொழியைப் பொறுத்தவரை அது நம் எழுத்துக்கு ஒரு பலம்.

இரண்டாவது, குறில் நெடில். கல் வேறு, கால் வேறு என்று நாம் முதல் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். மெனோமினியிலும் நீட்டம் மாறினால் சொல் மாறும். அதுமட்டுமல்ல, ஒரு சொல்லோடு முன்னொட்டு சேரும்போது எத்தனையாவது அசை என்று எண்ணிப் பார்த்து உயிர் நீளும் அல்லது குறுகும். ஆங்கில எழுத்தில் இதை எழுத ஒழுங்கான வழி இல்லை. நம் எழுத்துக்கு எ-ஏ, ஒ-ஓ இரண்டும் தனித்தனியே உண்டு. நீஸ் என்றால் இரண்டு, நீவ் என்றால் நான்கு, நெகொத் என்றால் ஒன்று. இவற்றைத் தமிழில் எழுதும்போது அந்தப் பழைய பட்டியல்காரர்களிடம் இல்லாத ஒரு வசதி எனக்கு இருக்கிறது.

ஆனால் தமிழ்ச் சல்லடைக்கும் கண் இல்லாத இடம் உண்டு. வங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சிலர் 'பாங்க்' என்றும் சிலர் 'பேங்க்' என்றும் எழுதுகிறோம். ஏனென்றால் அந்த உயிர் ஆ-வும் இல்லை, ஏ-வும் இல்லை. மெனோமினியில் அந்த உயிர் நிறைய வரும், குறிலாகவும் நெடிலாகவும். அதை இந்தக் கட்டுரையில் நான் எ, ஏ என்றே எழுதுகிறேன். நூறு வருடம் கழித்து இதைப் படிப்பவர் ஒருவர் விரலால் தேய்த்துப் பார்த்து, 'தமிழில் சலித்தது' என்று கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவதுதான் பெரும்பாலோர் தவறவிட்டது. வேண்டாம் என்று சொல்லக் குழந்தை 'உ-உம்' என்று தலையாட்டும்போது நடுவில் தொண்டை பட்டென்று மூடித் திறக்கும். அந்தச் சிறு அடைப்பு மெனோமினியில் ஒரு முழு மெய்யெழுத்து. மூன்று என்பது 'நெ'னிவ்'. அதில் நான் போட்டிருக்கும் சிறு கோடுதான் அந்த அடைப்பு. இன்று மெனோமினிகள் தம் மொழியை எழுதும்போது அதற்கு 'க்யூ' என்ற ஆங்கில எழுத்தை வைத்திருக்கிறார்கள். பழைய பட்டியல்களில் அந்த இடம் பெரும்பாலும் வெற்றிடம். உப்பு போட மறந்த குழம்பு மாதிரி. பார்வைக்கு எந்தக் குறையும் இருக்காது, வாயில் வைத்தால்தான் தெரியும்.

ஸ-வுக்கும் ஒரு கதை உண்டு. மெனோமினியின் ஸ் நம் ஸ்-க்கும் ஷ்-க்கும் நடுவில் ஊசலாடும். கேட்பவர் தன் மொழிக்கு ஏற்ப ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார். 1836இல் மெனோமினிகளிடமிருந்து 40 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தை அமெரிக்க அரசு எழுதி வாங்கிய ஒப்பந்தத்தில் தலைவரின் பெயர் 'ஓஷ்-கோஷ்' என்று நடுவில் கோடு போட்டு எழுதப்பட்டிருக்கிறது. விலங்கின் நகம் என்று பொருள். பெயரை எழுதியது அரசு எழுத்தர். அதன் பக்கத்தில் தலைவர் வைத்தது ஒரு பெருக்கல் குறி. அந்த மொழியின் பழைய எழுத்துச் சான்றுகளில் நெஞ்சை அடைப்பவை இந்த ஒப்பந்தத் தாள்கள்தாம். ஆட்களின் பெயர்கள் அசை அசையாக வெட்டப்பட்டு வரிசையாக நிற்கின்றன, நிலம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தலைவரின் பெயரில் விஸ்கான்சினில் இன்று ஒரு நகரமே இருக்கிறது.

தனியாகக் கிடைக்காத பண்டங்கள்

பட்டியல் எழுதப் போனவர்கள் கையில் அச்சடித்த மளிகை லிஸ்ட் மாதிரி ஒன்று இருந்தது. தலை, கை, தந்தை, தாய், நீர், தீ. ஒவ்வொன்றையும் காட்டி, "இதற்கு உங்கள் மொழியில் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். சில பண்டங்கள் கடையில் அப்படிக் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பூண்டு வேண்டுமென்றால் தோலோடுதான் வாங்க வேண்டும்.

மெனோமினியில் உடல் உறுப்புக்கும் உறவுமுறைக்கும் பொதுவாக 'யாருடைய' என்பது இல்லாமல் சொல் கிடையாது. நெ- என்று தொடங்கினால் என்னுடையது, கெ- என்றால் உன்னுடையது, ஒ- என்றால் அவருடையது. வெறும் 'கை' என்று தனியே ஒன்று எளிதில் நாவில் வராது. கேட்டவர் விரலை நீட்டி "கை?" என்றால், எதிரே இருப்பவர் 'என் கை' என்பார், அல்லது 'உன் கை' என்பார். எழுதியவர் அதையே 'கை' என்று குறித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்.

இது நமக்கு அந்நியமான சங்கதி அல்ல. பழந்தமிழில் எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவன் தந்தை. யாய், ஞாய், தாய் என்பதும் அப்படியே. இன்று 'அவன்' என்ற பொருள் கழன்று போய்த் தந்தை பொதுச்சொல் ஆகிவிட்டது. சங்க காலத்தில் ஒரு கிரேக்க வணிகர் முசிறித் துறையில் நின்று சொற்பட்டியல் எழுதியிருந்தால் அதில் 'எந்தை' என்பதற்கு நேரே வெறும் 'தந்தை' என்று பொருள் எழுதியிருப்பார். அந்தப் பட்டியலைத் திருத்தத் தெரிந்த தமிழருக்கு மெனோமினிப் பட்டியலைத் திருத்தவும் தெரியும்: உறுப்புப் பெயர்களை எல்லாம் வரிசையாக அடுக்கி, முதல் அசையைப் பார்த்து, 'இது பதில் சொன்னவரின் கை, இது கேட்டவரின் கை' என்று பிரித்து வைக்க வேண்டும்.

பிழை போலத் தெரியும் சரி

பழைய பதிவுகளைப் படிப்பதில் பெரிய ஆபத்து, எல்லாவற்றையும் சல்லடையின் தலையில் போட்டுவிடுவது. ஒரு உதாரணம் போதும். நீருக்கடியிலிருந்து ஒருவர் மேலே வருகிறார் என்பதற்கு மெனோமினியில் 'மோஸ்கமொவ்'. அவர் மேலே வந்தால் என்பதற்கு 'மூஸ்கமித்'. ஒருவர் ஓ என்று எழுதியதையும் இன்னொருவர் ஊ என்று எழுதியதையும் பார்த்து, 'யாரோ ஒருவர் தவறாகக் கேட்டிருக்கிறார்' என்றுதான் தோன்றும். இருவரும் சரியாகவே கேட்டார்கள். சொல்லின் பின்பகுதியில் இகரமோ உகரமோ வந்தால் முன்னாலுள்ள ஓ, ஊ-வாக ஏறும். ஏ, ஈ-யாக ஏறும். ஒரே வெல்லப்பாகுதான், அடுப்பில் இன்னும் கொஞ்சம் நின்றதும் கம்பிப் பதம் உருண்டைப் பதமாகிறது.

இந்த விதியை வெளிக்கொண்டு வந்தவர் லியோனார்டு புளூம்ஃபீல்டு. அவருக்கு முன்னால் இருவரைச் சொல்ல வேண்டும். 1880களில் மெனோமினிகளின் ஊரான கெஷீனாவில் பணியாற்றிய செஃபிரின் எங்கல்ஹார்ட் என்ற பிரான்சிஸ்கன் துறவி மெனோமினியில் ஜெபப் புத்தகம் அச்சிட்டார். அவர் ஜெர்மனியில் பிறந்தவர். அந்தப் புத்தகத் தலைப்பின் கடைசிச் சொல்லுக்கு 'வானத்தில்' என்று பொருள், இன்றைய எழுத்தில் 'கேசெகொஹ்'. கடைசியில் வரும் அந்த மூச்சொலியை ஆங்கிலக் காது விட்டுவிடும், ஆங்கிலத்தில் சொல்லின் ஈற்றில் ஹ் ஒலிக்காது. எங்கல்ஹார்ட் அங்கே சி-எச் என்ற இரட்டையைப் போட்டார். ஜெர்மன்காரர்கள் 'பாக்' என்ற இசைமேதையின் பெயரை முடிக்கும் அதே இரட்டை. அவருடைய தாய்மொழியில் அதற்கு ஒரு கண் இருந்தது. ஆங்கிலப் பட்டியலில் காணாமல் போன ஹ்-களைத் தேட வேண்டுமானால் இந்த ஜெபப் புத்தகத்தைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சல்லடையில் தங்கியது இன்னொன்றில் விழும்.

மற்றவர் வால்டர் ஜேம்ஸ் ஹாஃப்மன், மருத்துவர். 1890 முதல் மெனோமினிகளிடம் போய்வந்து, அவர்களுடைய சடங்குகள், கதைகள், பண்டங்கள் பற்றி 1896இல் பெரிய அறிக்கை வெளியிட்டார். அதன் முடிவில் ஒரு சொற்தொகுதியும் உண்டு. சடங்கைப் பற்றி அறிய இன்றும் அதைத்தான் திறக்க வேண்டும். ஒலிக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

புளூம்ஃபீல்டு 1920, 1921 கோடைகளில் மெனோமினிகளிடம் போனார். விஸ்கான்சினிலேயே சிறுவயதைக் கழித்தவர். சிற்றப்பாவோ பெரியப்பாவோ என்ற உறவில் வரும் மாரிஸ் புளூம்ஃபீல்டு, வேதங்களை ஆராய்ந்த சமஸ்கிருத அறிஞர். லியோனார்டும் 1913-14இல் ஜெர்மனியில் படித்தபோது பாணினியின் இலக்கணத்தில் மூழ்கியவர். அவர் மளிகை லிஸ்டைக் கீழே வைத்துவிட்டார். கதை சொல்லச் சொல்லி, சொல்பவரின் வேகத்துக்கு அப்படியே எழுதினார். 1928இல் அந்தக் கதைகள் நூலாயின. 1939இல், பாணினி சூத்திரங்களை அடுக்கிய முறையில், ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் விதிகளாக மெனோமினியின் புணர்ச்சியை எழுதினார். நன்னூலில் புணரியல் படித்தவர் அதைத் திறந்தால் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்: இது வந்தால் அது கெடும், அது கெட்டபின் இது நீளும். முழு இலக்கணம் அவர் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து 1962இல் வந்தது.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது 1927இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை. எழுத்தே இல்லாத மெனோமினியிலும் நல்ல பேச்சு, மோசமான பேச்சு என்ற மதிப்பீடு இருப்பதை அதில் காட்டினார். சிவந்த மேகப் பெண் என்ற பெயருள்ள மூதாட்டியின் பேச்சு அழகானது என்று எழுதினார். எழுதப்படாத மொழியில் எதுவும் எப்படியும் பேசலாம் என்று எண்ணியவர்களுக்கு அது பதில். சமையல் குறிப்பு எழுதாத வீட்டிலும் எந்தக் கை சமைத்த ரசம் நல்ல ரசம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே பழைய பட்டியலை இன்று படிப்பவர் மூன்றை அருகருகே விரிக்கிறார். பழைய தாள் ஒன்று. புளூம்ஃபீல்டு பதிந்த பேச்சு ஒன்று. மூன்றாவது, உடன்பிறந்த மொழிகள். மூன்று என்ற எண் ஒஜிப்வேயில் நிஸ்வி, கிரீயில் நிஸ்தோ, மெனோமினியில் நெ'னிவ். ஒஜிப்வே அறிந்த மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்த பட்டியலில் மூன்றுக்கு நேரே ஸ் தென்பட்டால், அது மெனோமினிக்காரர் வாயிலிருந்து வந்ததா, நடுவில் நின்றவர் வாயிலிருந்து வந்ததா என்று சந்தேகப்பட வேண்டும். பக்கத்து வீட்டுச் சாம்பார் வாசனை நம் பாத்திரத்தில் ஏறியிருக்கலாம்.

இந்த ஒப்பீட்டுக்கு நடுவில் நிற்பது உயிருள்ள பேச்சு. அது இல்லையென்றால் மற்ற இரண்டும் பேசாது. உறைவிடப் பள்ளிகளில் குழந்தைகளின் நாவிலிருந்து பழங்குடி மொழிகள் அடித்து விரட்டப்பட்ட காலத்துக்குப் பிறகு, மெனோமினியைத் தாய்மடியில் கற்றுப் பேசுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். இப்போது மெனோமினிகளே குழந்தைகளுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். அகராதி வேலை நடக்கிறது.

இதுவரை வெளியார் சல்லடையில் மெனோமினி விழுந்ததைப் பார்த்தோம். மெனோமினியின் சல்லடையில் வெளியார் மொழி விழுந்த ஒரு சொல்லும் இருக்கிறது. அது இன்றும் நாவில் இருக்கிறது. படகில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொன்னார்கள். அதிலிருந்து வந்ததுதான் இந்த மெனோமினிச் சொல் என்றே மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். முதலெழுத்து 'கம்பம்' ப-விலிருந்து 'படம்' ப-வாக மாறிவிட்டது. மூக்கொலி போய் உயிர் மட்டும் நீண்டு நின்றது. ஜூ இருந்த இடத்தில் ஸ். ரகரத்துக்கு அங்கே கண் இல்லை, கடைசியில் ஒரு மூச்சு மட்டும். ஆங்கிலக் காது விட்ட, எங்கல்ஹார்ட் சி-எச் போட்டுப் பிடித்த அதே மூச்சு. கெஷீனாவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சொல்லும் வணக்கம் அதுதான்: போஸோஹ்.